அமெரிக்காவில் ஒன்பது மாத வேலை, ஆறு லட்சம் கட்டணம்: வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், எச்-2பி விசா. ஓசூர், பர்கூர், பாலக்கோடு, அரூர் என்று ஊர் மாறுகிறதே தவிர ஏஜென்ட் சொல்லும் கதை மாறவில்லை. அதனால் பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார், பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஓசூரில் ஒரு லாட்ஜில் இன்டர்வியூ வைத்தார்கள். அமெரிக்காவில் கிச்சன் மேடைக்குக் கல் அறுத்துப் போடும் கம்பெனியாம், எச்-2பி விசா, மொத்தம் ஆறு லட்சம். முதலில் ஐம்பதாயிரம் கட்டினால் இருபது நாளில் விசா, இரண்டு வருஷத்தில் கிரீன் கார்டு என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டரும் வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், பர்கூர்

தம்பி, அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். விசா பொய் இல்லை. எச்-2பி என்பது நிஜமாகவே இருக்கிறது, விவசாயம் அல்லாத தற்காலிக வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுக்க அமெரிக்கா வைத்திருக்கும் விசா அது. தோட்டம் பராமரிப்பது, ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்வது, நண்டு இறால் பதப்படுத்துவது, கட்டட வேலை என்று அதில் ஆட்கள் போகிறார்கள், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். பொய் எங்கே என்றால், அது கிடைக்கும் வழி என்று உங்களிடம் சொன்னதில்.

இந்த விசாவில் முதல் அடி எடுத்து வைப்பது நீங்கள் இல்லை, அங்கே இருக்கும் முதலாளி. அவர் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் போய், இந்த வேலைக்கு இந்த ஊரில் என்ன கூலி என்று நிர்ணயம் வாங்க வேண்டும். அப்புறம் உள்ளூரில் விளம்பரம் செய்து ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, தொழிலாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்து யுஎஸ்சிஐஎஸ் என்கிற குடியேற்ற அலுவலகத்தில் ஐ-129 மனு போட வேண்டும். அது பாஸானதற்கான ஐ-797 என்ற தாள் வந்த பிறகுதான் உங்கள் பங்கு. நீங்கள் டிஎஸ்-160 படிவம் நிரப்பி, 205 டாலர் விசா கட்டணம் கட்டி, சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு இன்டர்வியூவுக்குப் போவீர்கள். சான்றிதழுக்கான விண்ணப்பத்தையே வேலை தொடங்கும் தேதிக்கு 75 முதல் 90 நாள் முன்னால்தான் போட வேண்டும், ஏப்ரல் 1-ல் ஆள் வேண்டும் என்றால் ஜனவரி முதல் மூன்று நாளுக்குள் முதலாளிகள் முண்டியடிப்பார்கள். ஏனென்றால் வருஷத்துக்கு மொத்தமே 66,000 விசா, அதுவும் பாதிப் பாதியாக, அக்டோபரில் இருந்து மார்ச் வரை 33,000, ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை 33,000. 2023, 2024, 2025 மூன்று நிதியாண்டிலும் மேற்கொண்டு 64,716 வரை கூட்டிக் கொடுத்தார்கள், அப்படியும் கேட்ட முதலாளிக்கெல்லாம் கிடைப்பதில்லை. இதில் இருபது நாள் கணக்கு எங்கே பொருந்துகிறது சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எச்-2பி ஆளிடம் வேலை வாங்கித் தந்ததற்கென்று முதலாளியோ, அவருடைய வக்கீலோ, ஏஜென்டோ, சப்-ஏஜென்டோ ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. புக்கிங், ப்ராசஸிங், சர்வீஸ் சார்ஜ் என்று என்ன பெயர் வைத்தாலும் அதேதான். வாங்கியது தெரிந்தால் முதலாளியின் மனுவே தள்ளுபடி ஆகலாம், பாஸான மனுவும் ரத்தாகலாம். பாஸ்போர்ட் எடுக்கும் செலவு உங்களுடையது. விசா கட்டணத்தை நீங்கள் கட்டியிருந்தால் முதல் வாரச் சம்பளத்தோடு முதலாளி திருப்பித் தர வேண்டும், போகும் டிக்கெட் செலவை ஒப்பந்தக் காலத்தில் பாதி முடிந்ததும் தந்தாக வேண்டும், கடைசி வரை வேலை பார்த்தால் திரும்பி வரும் டிக்கெட்டும் அவர் பொறுப்பு. நம் நாட்டில் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்கலாம் என்று இருக்கிறது, அதைக் காட்டி உங்களைச் சமாதானம் செய்வார்கள். இந்த விசாவுக்கு அது உதவாது. இங்கே ரசீதோடு கட்டிய அந்த 30,000-மே அங்கே உங்கள் மனுவைக் கெடுக்கப் போதும். ஆறு லட்சம் என்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் வெளியே.

தூதரக இன்டர்வியூவில் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். ஏஜென்டுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் முந்தின நாள் ராத்திரி லாட்ஜில் உட்கார வைத்து "யாருக்கும் கொடுக்கலை சார், கம்பெனியே நேரடியா கூப்பிட்டாங்க" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் சொல்லிக் கொடுப்பார்கள். தெரிந்தே சொன்ன பொய் என்று பதிவானால் அமெரிக்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை விழலாம். பொய்யைச் சொல்லிக் கொடுத்தவருக்கு எந்தத் தடையும் இல்லை.

கிரீன் கார்டு விஷயம் இன்னும் மோசம். எச்-2பி வாங்க, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவேன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இதே கிரீன் கார்டு ஆசையைக் காட்டித்தான் 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் தளக் கம்பெனிக்கு இந்தியாவில் இருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் எச்-2பியில் கொண்டுபோனார்கள். ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் கட்டினார்கள், நிலத்தை விற்றும் வட்டிக்கு வாங்கியும். அங்கே போனால் ஒரு ட்ரெய்லருக்குள் 24 பேர் வரை, அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2008-ல் வேலையை விட்டு வெளியே வந்து, வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற ஜூரி ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கம்பெனியோடு சேர்த்து அதன் வக்கீலையும், இந்திய ஏஜென்டையும் பொறுப்பாக்கியது. அதே வருஷம் கம்பெனி திவால் மனு போட்டது. ஜெயித்தார்கள்தான், ஆனால் இடையில் போன வருஷங்களை யார் கொடுப்பது.

"இப்ப புது ரூல், இந்தியாவுக்கு ஓப்பன் பண்ணிட்டாங்க" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்களே. அது பாதி உண்மை. சிக்னல் ஆட்கள் போன பிறகு, 2009-ல் இருந்து எந்தெந்த நாட்டு ஆட்களை எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதில் இந்தியா இல்லை. 2025 ஜனவரி 17-ல் இருந்து அந்தப் பட்டியலே கிடையாது. கதவு திறந்தது நிஜம்தான், ஏஜென்டுக்குப் பணம் வாங்க அனுமதி வந்ததாக அர்த்தமில்லை. அதே திருத்தத்தில்தான் பணம் வாங்குவதற்கு எதிரான விதியை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

அந்த ஆஃபர் லெட்டரை என்ன செய்வது? ஜாப் ஆர்டர் நகல் கேளுங்கள். வேலை என்ன, எந்த ஊர், மணிக்கு எத்தனை டாலர், எந்தத் தேதி வரை, என்னென்ன பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னாலேயே உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும். சீசனல்ஜாப்ஸ் டாட் டிஓஎல் டாட் ஜிஓவி என்ற அரசுத் தளத்தில் அந்தக் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். மனு போட்டாயிற்று என்றால் ரசீது எண் கேளுங்கள், மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் இருக்கும், யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும், மனுவில் உங்கள் பெயர் இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்டாதீர்கள், பெயர் போடாமல் இத்தனை ஆள் என்று மட்டும் போடவும் இந்த விசாவில் இடமுண்டு. ரசீது எண்ணே தர மாட்டேன், அது கம்பெனி ரகசியம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐயா, என் வீட்டுக்காரர் வெல்டர். இதே மாதிரி விசாவுக்கு ஒன்றரை லட்சம் ஜிபேயில் அனுப்பிவிட்டோம், என் நகையை அடகு வைத்த பணம். இப்போது அந்த ஆள் போனை எடுப்பதில்லை. போலீசுக்குப் போனால் பணம் திரும்ப வராது, சும்மா இருந்தால் பாதியாவது தருவான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– வாசகி, அரூர்

சும்மா இருந்து பாதி வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை அம்மா. முதலில் போனில் இருப்பதை எல்லாம் காப்பாற்றுங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு விடாமல் முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து ஈமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜ்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அந்த ஆள் தான் அனுப்பிய மெசேஜை இரு பக்கமும் அழிக்க வாய்ப்பு உண்டு. ஜிபே பரிவர்த்தனை எண்ணோடு பேங்க் ஸ்டேட்மென்ட்டில் சீல் வாங்குங்கள். அடகுக் கடை ரசீதையும் சேர்த்து வையுங்கள், தேதி பொருந்தும், கோர்ட்டில் அதற்கு மதிப்பு உண்டு.

அப்புறம் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் பதிவு பெற்றவர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்ததே குடிபெயர்வுச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி தவறு, 24-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய்தான் என்று படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், 1983-ல் போட்ட தொகை அது. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பாமல் பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவு, நம் பழைய 420, அதையும் சேர்த்துப் புகார் எழுத வேண்டும், அதில் ஏழு வருஷம் வரை உண்டு. லோக்கல் ஸ்டேஷனில் இழுத்தடித்தால் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப் பிரிவுக்கு மனு கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு நகல் போடுங்கள், சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒன்று. பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் உங்களுக்கு இன்னும் நல்லது, அவர் அரசிடம் வங்கி உத்தரவாதம் கொடுத்து வைத்திருப்பார், அவருடைய லைசென்ஸும் ஆட்டம் காணும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அப்படியே. தர்மபுரி கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். புகாரை உங்கள் பெயரிலேயே கொடுங்கள், நகை உங்களுடையது, பணம் போனது உங்கள் கணக்கில் இருந்து.

என் மகன் எச்-2பியில் அலபாமாவில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனான். போனவுடன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை, ரூம் வாடகை போக கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. டெக்சாஸில் ஒரு தமிழர் கடையில் கையில் காசு தருகிறார்களாம், அங்கே போய்விடலாமா என்று கேட்கிறான்.
– தந்தை, பாலக்கோடு

போக வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். அந்தக் கடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, இப்போது தப்பு முதலாளி பக்கம் இருக்கிறது, மகன் அங்கே போய் நின்ற மறுநாள் அது மகன் பக்கம் வந்துவிடும். சட்ட விரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கினால் மூன்று வருஷத் தடை, ஒரு வருஷம் தங்கினால் பத்து வருஷத் தடை.

அவன் கையில் இருக்கும் உரிமைகள் கொஞ்ச நஞ்சமில்லை. எச்-2பி வேலை என்றாலே வாரத்துக்கு 35 மணி நேரமாவது இருக்க வேண்டும். 12 வாரத்தை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, அதில் முக்கால்வாசி நாளுக்காவது வேலை கொடுத்தாக வேண்டும், இல்லை என்றால் அதில் குறைந்த நாளுக்கும் சம்பளம் தர வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது, 120 நாளுக்குக் குறைவான ஒப்பந்தம் என்றால் 6 வாரக் கணக்கு. ரூம் வாடகைப் பிடித்தம் ஜாப் ஆர்டரில் எழுதியிருந்தால்தான் செல்லும். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது அப்பட்டமான விதிமீறல், அதை வைத்து ஆளை மிரட்டி வேலை வாங்கினால் அது கிரிமினல் குற்றம். "பத்திரமா வெச்சிருக்கோம்" என்பார்கள். மகனிடம் சொல்லி, என் பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்று ஒரு வரி மெசேஜாக எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆதாரம். தினமும் எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை ரூம், ஒரு நோட்டில் எழுதட்டும். சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

புகார் கொடுக்கும் இடம் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் ஹவர் பிரிவு, விசா நிலை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கூலி விசாரிப்போம் என்று அவர்கள் சொல்வதில்லை. வெளியே போக விடாமல், மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் ஆள் கடத்தல் உதவி எண் 1-888-373-7888, தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். அப்படிப்பட்ட நிலையில் மாட்டியவர்களுக்கு டி விசா என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் அட்லாண்டாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகட்டும், நீங்கள் இங்கே இருந்தபடி வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD, இந்தியில் உதவி என்று அர்த்தம்) தளத்தில் புகார் பதியலாம். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு போடுங்கள்.

இலவச வக்கீல் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் சட்ட உதவி மையங்கள் விவசாய வேலைக்கான எச்-2ஏ ஆட்களுக்கும், எச்-2பியில் காட்டு மர வேலை செய்பவர்களுக்கும் உதவலாம், ஹோட்டல் வேலைக்கு வந்த எச்-2பி ஆளுக்குப் பொதுவாக முடியாது. ஏன் இப்படி ஒரு ஓரவஞ்சனை என்று கேட்காதீர்கள், சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். அதனால் அரசுப் பணம் வாங்காத அமைப்புகளிடம் போக வேண்டும், சிக்னல் வழக்கை நடத்தியதும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் போன்ற அப்படிப்பட்ட அமைப்புகள்தான்.

வேலை மாற விரும்பினால் நேர் வழியே இருக்கிறது. தொழிலாளர் சான்றிதழ் வைத்திருக்கும் வேறு எச்-2பி முதலாளி மகனுக்காகப் புது மனு போட்டு, அது யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போனால், முடிவு வரும் வரை காத்திருக்காமல் அங்கே வேலை தொடங்கலாம். இடையில் வேலை போனாலும் விசாக் காலம் முடியாத வரை 60 நாள் அவகாசம் உண்டு. டெக்சாஸ் கடைக்காரர் அந்த மனுவைப் போடத் தயாரா என்று கேட்கச் சொல்லுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

எச்-2பிக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமா?
– இன்ஜினியர், ஓசூர்

இல்லை. 2025 செப்டம்பரில் அறிவித்த அந்தத் தொகை எச்-1பிக்கு. எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

ஐந்து வருஷ கான்ட்ராக்ட், பேக்டரியில் வருஷம் முழுக்க வேலை, எச்-2பி என்று ஒருவர் சொல்கிறார். நான் மாங்கூழ் பேக்டரியில் சூப்பர்வைசர். எனக்குப் பொருந்துமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

உங்களுக்குத்தான் இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். உங்கள் பேக்டரியில் மாம்பழம் வரும் மாதங்களில் ராத்திரி பகலாக எத்தனை ஆள் இருந்தாலும் போதாது, சீசன் முடிந்தால் மெஷின் ஆபரேட்டரும் வாட்ச்மேனும்தான் மிச்சம். எச்-2பி அந்தச் சீசன் ஆளுக்கு, வாட்ச்மேனுக்கு இல்லை. சீசன் வேலை, திடீர் வேலை நெருக்கடி, விட்டு விட்டு வரும் வேலை, ஒரே தடவை வரும் வேலை, இந்த நான்கில் ஒன்றாக முதலாளி காட்ட வேண்டும். முதல் மூன்றுக்கும் பொதுவாக 9 மாதம்தான் கணக்கு, ஒரே தடவை வேலை என்றால் மூன்று வருஷம் வரை போகலாம். நீட்டிப்பு எல்லாம் சேர்த்தும் ஒரு ஆள் தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது, 60 நாளாவது வெளியே இருந்துவிட்டுத்தான் மறுபடி. வருஷம் முழுக்க, ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதமே அந்த விசாவுக்கு எதிரான சாட்சி.

மனைவி, இரண்டு குழந்தைகளையும் கூட்டிப் போகலாம் என்கிறார்களே?
– வாசகர், பென்னாகரம்

சட்டப்படி முடியும், எச்-4 விசா, 21 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆனால் அதில் மனைவி வேலை பார்க்கக் கூடாது, ஒன்பது மாதச் சம்பளத்தில் அமெரிக்காவில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். அதோடு, ஊருக்குத் திரும்புவேன் என்று அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டிய ஆள் மொத்தக் குடும்பத்தோடும் கிளம்பினால் அவர் என்ன நினைப்பார்? நிலம், வீடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், அம்மா அப்பா இங்கே இருப்பதுதான் உங்கள் பலம். முதல் தடவை தனியாகப் போய் வாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊர் கன்சல்டன்சியில் "யு.எஸ். இமிக்ரேஷன் லாயர் எங்களிடம் இருக்கிறார்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இங்கே இருக்கும் வக்கீல் எச்-2பி மனு போட முடியுமா?
– வாசகர், தர்மபுரி

முடியாது, நான் உட்பட. எனக்கு இருப்பது தமிழ்நாடு பார் கவுன்சில் பதிவு. அமெரிக்கக் குடியேற்ற மனுவில் ஆலோசனை சொல்லி ஆஜராக அங்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிய வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியாக இருக்க வேண்டும். போர்டில் இருக்கும் பெயரையும் எந்த மாநிலம் என்பதையும் கேட்டு, அந்த மாநில பார் அசோசியேஷன் தளத்தில் தேடுங்கள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறதா எல்லாம் இலவசமாகத் தெரியும்.

நிஜமான வக்கீல்தான் என்றாலும் அடுத்த கேள்வி, அவர் யாருடைய வக்கீல்? எச்-2பியில் மனு போடுவது முதலாளி, வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பதும் முதலாளி. அவர் உங்களிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், சம்பளத் தகராறு வரும் நாளில் எதிர்த்தரப்பில்தான் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எனக்கும் வக்கீலா என்று ஈமெயிலில் கேளுங்கள், கையெழுத்துப் போடச் சொல்லும் தாளைப் படித்துச் சொல்ல வேறு ஒருவரைத் தேடுங்கள். உங்களிடம் ஃபீஸ் கேட்டால் அது இன்னும் பெரிய சந்தேகம், முதல் கேள்வியில் சொன்ன தடை வக்கீலுக்கும் சேர்த்துத்தான்.

எனக்கு ஆஃபர் லெட்டர் அனுப்புகிறவர்கள் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புகிறீர்கள், பிடித்தமும் அபராதமும் எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் அனுப்புங்கள்.